கோட்டுக்குக் கிடைத்த கைதட்டல்

எழுபதுகளில் துபாயில் ஓர் ஓட்டலின் வரவேற்பில் வேலை பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து நாலு பாடகர்கள் வந்தார்கள். இளமையில் தெருமுனையில் வாத்தியமில்லாமல் சேர்ந்து பாடி, ஒரே ஒரு இசைத்தட்டால் கொஞ்ச நாள் பேசப்பட்டவர்கள். அந்தத் தட்டை வைத்தே குழுவின் தலைவர் இன்னும் ராஜா மாதிரி நடந்தார்.

நிகழ்ச்சியன்று, அடிக்குரல் பாடுபவர் காய்ச்சலில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தலைவர் கேட்டது ஒன்றுதான்: "அவன் கோட்டு எங்கே?" அதை எங்கள் சர்வர் முருகேசனுக்கு மாட்டினார்.

"சார், எனக்கு ஒரு வரிகூடத் தெரியாதுன்னு அவருகிட்ட சொல்லுங்க" என்று முருகேசன் கெஞ்சினான். ஆங்கிலத்தில் சொன்னேன்.

"வாயசைத்தால் போதும். இந்த ஜனங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் தலைவர்.

அவர் சொன்னதுதான் நடந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தினமும் தங்களுக்கு சூப் ஊற்றுகிறவனை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் மூவரும் பஹ்ரைனுக்கு விமானம் ஏறினார்கள். கோட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

காய்ச்சலில் கிடந்தவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். "பாட்டு எப்படி இருந்தது?" என்று கேட்டார் அவர்.

"நீங்கள் இல்லாமல் எடுபடவில்லை" என்றேன்.

அவர் சிரித்தார். "பொய். ஆனால் இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படி ஒருவரும் சொன்னதில்லை."

அந்த ஓட்டலில் பிறகும் எத்தனையோ கைதட்டல் கேட்டேன். ஒன்றையும் மதிக்கத் தோன்றவில்லை.