மழைநாளில் ஒரு வேதக்கோயில் கூரைக்குக் கீழே

அந்தக் கூரை நிற்கும் என்று சித்திரையிலேயே சொன்னவன் நான். கேட்டவர்கள் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் இன்ஜினியர்கள். நான் படித்தது எட்டாவது வரைதான். ஆனால் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தால் அது இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். சரி, பயணத்துக்கு வருவோம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய வேதக்கோயிலை, அதாவது கிறிஸ்தவ தேவாலயத்தை, இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று சபைக் கமிட்டி அன்று முடிவெடுக்க இருந்தது. அதைப் பழுதுபார்த்த ஆர்க்கிடெக்ட் ஜெசி என் தங்கை மகள். சனிக்கிழமை போன் செய்தாள்.

"மாமா, வானம் கருகருன்னு இருக்கு. நாளைக்கு ஒழுகுச்சுன்னா அவிய இடிச்சிருவாவ. நீங்க வந்து பக்கத்துல இருங்க."

நான் இல்லாமல் நடக்குமா?

சங்கரன்கோவிலில் காலை ஆறு மணி பஸ். ராஜபாளையம் வரை முப்பது ரூபாய், ஒரு மணி நேரம். இறங்கியதும் இட்லியை முடித்துவிடுங்கள். மேற்கே மலையே தெரியவில்லை, சேத்தூர்ப் பக்கம் முழுக்க மழை. அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் "பழைய கோயில்" என்றேன். நேரே ஆண்டாள் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"இங்க எதுக்குய்யா கொண்டாந்த?"

"இதவிடப் பழைய கோயில் இந்த ஊர்ல ஏது அண்ணாச்சி?"

அதனால், வேதக்கோயில் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அந்தக் கூரை, மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. ஒழுகும்போதெல்லாம் ஒவ்வொரு கமிட்டியும் ஒரு பூச்சு சிமெண்ட் ஏற்றியிருந்தது. பாரத்தில் உத்திரம் வளைந்ததுதான் மிச்சம். ஜெசி அத்தனையையும் செதுக்கி எடுத்தாள். வளைந்ததை மாற்றிப் புதிதாகச் சுண்ணாம்புக் கலவை போட வைத்தாள். அது இறுகும்வரை மரக்கட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டத்தான் ஆள் இல்லை. சபையார் கூடிச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடும் அசனப் பண்டிகை அப்போதுதான் வந்தது. விருந்துக்கு வந்த பெண்களை அப்படியே மேலே ஏற்றிவிட்டாள். அவர்கள் கீர்த்தனை பாடி, தாளத்துக்குத் தட்டினார்கள்.

கொத்தனார் கத்தினார்: "ஏக்கா, இது என்ன சாவுவீட்டு அடக்கப் பாட்டா? செத்த வேகமாப் பாடுங்க, சுண்ணாம்பு காயுதுல்லா!"

"அப்ப நீரு பாடும்வே, நாங்க கேக்கோம்!"

நானும் தட்டினேன். என் வேகத்தைப் பார்த்து மூன்று பேர் கட்டையை வைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள்.

அந்த ஐப்பசி ஞாயிறு, பிரசங்கம் முடியும் முன்பே மழை இறங்கியது. சபை முழுக்க அண்ணாந்து பார்த்தது. கமிட்டிச் செயலாளர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார். ஆராதனை முடிந்ததும் டார்ச்சோடு எழுந்தார்.

"ஜெசி, முன்னாலயே சொல்லிட்டேன். தரையில ஒரு சொட்டு கண்டாலும் புதுக் கட்டடந்தான்."

"விழாது அண்ணாச்சி," என்றாள். இந்த ஒரு கூரைக்காகச் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தவள் அவள்.

சுபேதார் வரிசை வரிசையாக டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் வானம் பிளந்து கொட்டியது. ஒரு சொட்டுகூட விழவில்லை. கடைசியில் டார்ச்சை அணைத்தார்.

"சரி, நிக்கட்டும். இடிக்க வேண்டாம்."



போகிறவர்கள் ஞாயிறு பத்து மணிக்கு மேல் போங்கள், ஆராதனை முடிந்திருக்கும். மேலே ஏற வேண்டுமானால் கேட்டுவிட்டு ஏறுங்கள். பால்கோவாவை ருசி பார்த்துவிட்டு வாங்குங்கள். பழுதுபார்ப்பது என்றால் மேலே மேலே பூசுவது என்று நினைக்கிறவர்கள், வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை அந்தக் கூரையைப் பார்த்துவிட்டு வரலாம்.

அங்கே விசாரிப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சொட்டுகூட விழவில்லை என்று எழுதியது நானாகச் சேர்த்தது. விழுந்தது. மூன்றாவது வரிசையில், என் வழுக்கைத் தலையில். அப்போது சுபேதார் எனக்கு அடுத்த வரிசையில் நின்றார். நான் துடைக்கவில்லை, நகரவில்லை. மழை விடும்வரை கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிறவனைப் போல உட்கார்ந்திருந்தேன். தரைக்கு ஒன்றும் போகவில்லை. வெளியே வந்ததும் ஜெசி துண்டை நீட்டினாள். மறுநாள் கொத்தனாரோடு மேலேறி அந்த இடத்தை அடைத்தாள். அதற்குப் பிறகும் நல்ல மழை பெய்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் சுபேதார்தான் உட்காருகிறார். தலை காய்ந்தே இருக்கிறதாம்.