அவர் அளவுக்கு நகரும் சீட்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதம் நடந்தது இது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் சாலையின் ஒரு கொண்டை ஊசி வளைவில், பட்டப்பகலில். ராத்திரியாக இருந்திருந்தால் இருட்டில் எதையோ நினைத்துப் பயந்துவிட்டேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன். பகலாகப் போய்விட்டது, அந்தச் சமாதானமும் எனக்கு இல்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நைனார்பாளையம் பக்கம் எங்களுக்கு நிலம். என் கணவர் விவசாயத்தோடு மலையிலிருந்து புளியும் கடுக்காயும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். ஆள் நல்ல உயரம். ஊரில் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, பனைமரத்தார் வீடு என்றால் சின்னப் பிள்ளைகூட கை காட்டும். கொஞ்சம் காசு சேர்ந்ததும் சென்னையில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த பெரிய வெளிநாட்டுக் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். வெளியே பார்த்தால் ஜீப் மாதிரி முரட்டு உருவம், உள்ளே போனால் கல்யாண மண்டபத்து மேடை சோபா. "காலு நீட்டி உக்கார எனக்குன்னு இப்பதான்டி ஒண்ணு கெடச்சிருக்குது" என்று அன்றைக்கு அதிலேயே உட்கார்ந்து காபி குடித்தார்.

அந்த வண்டியில் ஒரு வித்தை உண்டு. சாவி ஆளின் அளவை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்தச் சாவியோடு கதவைத் திறந்தால், உம்... என்று அடித்தொண்டையில் முனகுவது போல ஒரு சத்தத்தோடு சீட் தானாக நகர்ந்து அவர் அளவுக்குப் போய் நிற்கும். ஸ்டீயரிங் மேலே ஏறும். பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டும் அவர் கண் உயரத்துக்குத் திரும்பிக்கொள்ளும். வாங்கும்போதே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். அது அவருடைய சாவி.

வண்டி வந்த இரண்டாம் வருடம், தூங்கியவர் எழுந்திருக்கவில்லை.

ஏரிக்குள் தண்ணீர் இல்லாத நாளில் சின்னக் காரில் அவர்தான் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தார். அவர் போன பிறகு பெரிய வண்டியை நானே எடுக்க ஆரம்பித்தேன். நான் குள்ளம். சாவியோடு கதவைத் திறந்தால் சீட் பின்னால் போய்விடும். ஏறி உட்கார்ந்தால் கால் எட்டாது, பெரிய பெஞ்சில் உட்கார்ந்த குழந்தை மாதிரி தொங்கும். கண்ணாடியில் சாலை தெரியாது, வானமும் தென்னை மர உச்சியும்தான் தெரியும். அவர் கண்ணுக்கு வைத்த கண்ணாடி அல்லவா. அப்புறம் பட்டனை அழுத்தி சீட்டை முன்னால் கொண்டுவருவேன். முதல் நாள் அழுதேன். போகப் போக, அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே வண்டியைத் திறக்க ஆரம்பித்தேன். என் தம்பி ஒருநாள் கதவில் இருந்த ஒரு பட்டனைக் காட்டி, இதை அழுத்தினால் உன் அளவு பதிந்துவிடும் என்றான். சரி என்று தலையாட்டினேன், அழுத்தவில்லை.

ஊரில் பேச்சுக்கா பஞ்சம்? கதவு திறந்ததும் ஆள் இல்லாத சீட் நகர்வதைக் களை எடுக்க வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். ஐயா ஏறி உட்காருகிறார் என்று ஒருத்தி சொல்ல, அன்று சாயங்காலமே பால் ஊற்றுகிற இடம் வரைக்கும் அது போய்விட்டது. சிலர் என் வண்டியைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் நிறைவாக இருந்தது.

இதற்கிடையில் வண்டியோடு வந்த வாரண்டி முடிகிற நாள் நெருங்கியது. தம்பி வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"அக்கா, வாரண்டி இருக்கற வரைக்கும்தான் அது காரு. முடிஞ்சா அது யானை. ஒரு லைட் போச்சுன்னா நீ ஒரு மாட்ட விக்கணும். ஆத்தூர்ல ஒருத்தரு கேக்கறாரு, குடுத்துட்டு சின்னதா ஒண்ணு வாங்கிக்க."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, அதைக் கேட்டதும் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். அண்ணன் ஞாபகத்துக்கு அது ஒன்றுதான் இருக்கிறது, அதையும் விற்றுத் தின்னப் போகிறீர்களா என்று தம்பியை ஒரு பிடி பிடித்தாள். வைப்பதா விற்பதா என்று நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் கதவைத் திறக்காமலேயே சீட் நகர ஆரம்பித்திருந்தது.

முதல் தடவை சின்னசேலம் ரயில்வே கேட்டில். கேட் போட்டிருந்தார்கள். வண்டியில் நான் மட்டும். உம்... என்று அந்தச் சத்தம். என்னைச் சுமந்துகொண்டே சீட் மெதுவாகப் பின்னால் போய், அவர் அளவில் நின்றது. கண்ணாடிகள் வானத்தைப் பார்த்தன. நான் பயப்படவில்லை. அதை இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. வெயிலில் நிற்பதால் முகத்தில் படாமல் இழுத்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் இன்னும் சில தடவை நடந்தது. எப்போதும் வண்டி நிற்கும்போதுதான், எப்போதும் நான் தனியாக இருக்கும்போதுதான்.

வாரண்டி முடிவதற்கு முன்னால் கம்பெனி சர்வீஸில் காட்டிவிடு, எல்லாவற்றையும் சும்மாவே மாற்றிக் கொடுப்பார்கள் என்று தம்பி விரட்டினான். போனேன். என்னென்ன குறை என்று கேட்டார்கள். ஏசியில் ஒரு வாடை, பின் கதவில் ஒரு சத்தம் என்று சொன்னேன். வேறு ஏதாவது என்றார்கள். ஒன்றும் இல்லை என்றேன். அதைச் சரி செய்துவிட்டால் அவர் வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. வாரண்டி முடிந்தது.

அடுத்த வாரம் ஆத்தூர்க்காரர் வண்டி பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் மலையில் ஒரு கல்யாணம் வந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் என் கணவருக்குப் பல வருடமாகப் புளி கொடுத்த குடும்பம், அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு. அவர் இருந்தபோதே வருவதாகச் சொல்லி வைத்திருந்த கல்யாணம். நானும் நாத்தனாரும் அந்த வண்டியிலேயே போனோம்.

பந்தலுக்கு முன்னால் போய் ஹாரன் அடித்து நின்றதும் பெண்ணின் அப்பா சிரித்த முகமாக ஓட்டுநர் பக்கமே ஓடி வந்தார். கண்ணாடியை இறக்கினேன். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஹாரன் சத்தம் கேட்டதும் அவரு இல்லங்கறதே மறந்து போச்சும்மா" என்றார். அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து என் நாத்தனார் என் கையைக் கிள்ளினாள். பார்த்தீர்களா, இந்த வண்டியை விற்கலாமா என்று அதற்கு அர்த்தம்.

சாப்பிட்டுவிட்டு மத்தியானம் இறங்கினோம். மழை விட்டிருந்தது. ஆனால் பள்ளத்திலிருந்து பனி மாதிரி மேகம் ஏறி வந்து சாலையை மூடிக்கொண்டிருந்தது. வளைவில் நட்ட வெள்ளைக் கல் மட்டும் ஒவ்வொன்றாகத் தெரியும், மறையும். எதிரில் ஒரு வண்டி இல்லை. எங்கேயோ கீழே தண்ணீர் விழுகிற சத்தம். நான் பிரேக்கில் கால் வைத்தபடி மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாத்தனார் தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"ஆத்தூர்க்காரன் அண்ணன் சீட்டுல உக்காந்து ஓட்டிக்கினு போவான், நீங்க வாசல்ல நின்னு பாத்துக்கினு இருப்பீங்களா அண்ணி? இன்னா மனசு உங்களுக்கு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உம்... என்றது.

சீட் பின்னால் போக ஆரம்பித்தது. பிரேக்கில் இருந்த என் பாதம் முதலில் விரல் நுனிக்கு வந்தது, பிறகு அதுவும் இல்லை. ஸ்டீயரிங் மேலே ஏறி என் கையை விட்டு விலகியது. கண்ணாடிகள் திரும்பி வெறும் வெள்ளையைக் காட்டின. வண்டி தன் பாட்டுக்கு இறங்கியது. பட்டனைத் தேடி அழுத்தினேன். கொஞ்சம் முன்னால் வந்தது, மறுபடியும் பின்னால் போனது, என்னைவிடப் பலசாலி ஒருவர் பொறுமையாக இழுப்பது போல. பக்கத்தில் நாத்தனார் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். "அண்ணா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அவள் முகத்தில் பயம் இல்லை. கூப்பிட்டவர் வந்துவிட்டார் என்கிற முகம்.

வளைவின் வெள்ளைக் கல் மேகத்துக்குள்ளிருந்து வந்தது. நான் எகிறிப் பிரேக்குக்குத் தாவினேன். எகிறியதும் சீட் பெல்ட் இறுகிக்கொண்டது. மார்புக்குக் குறுக்கே ஒரு கை போட்டுப் பின்னால் சாய்த்துப் பிடித்த மாதிரி இருந்தது. வாழ்நாளில் நான் அவரைக் கண்டு பயந்தது அந்த ஒரு நொடிதான்.

"பெல்ட்ட கழட்டுடி" என்று கத்தினேன்.

என்ன நினைத்தாளோ, கூப்பிய கையைப் பிரித்து என் இடுப்புப் பக்கம் குனிந்து அழுத்திவிட்டாள். பெல்ட் விட்டது. சீட்டிலிருந்து வழுக்கிக் கீழே போய், இரண்டு காலாலும் பிரேக் மேல் நின்றேன். தலை ஸ்டீயரிங்கில் இடித்தது. தாம்பூலப் பையிலிருந்த தேங்காய் உருண்டு முன் கண்ணாடியில் மோதியது. வண்டி நின்றது. முன் சக்கரம் தார்ச் சாலையை விட்டு இறங்கி, வெள்ளைக் கல்லை ஒட்டி ஈர மண்ணில் அழுந்தியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மேகம்தான்.

இன்ஜினை அணைத்து, கை பிரேக்கைப் போட்டு இருவரும் இறங்கினோம். கதவுகளைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை. சாலையின் மலைப்பக்கம் ஒண்டி நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தோம். ஆள் இல்லாத சீட் முன்னால் வந்தது. நின்றது. உம் என்று பின்னால் போனது. ஸ்டீயரிங் இறங்கி ஏறியது. அந்த மேகத்துக்குள் யாரோ ஏறுவதற்காக வண்டி இடம் விட்டு, இடம் விட்டுக் காத்திருந்தது.

நாத்தனார் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"இது அண்ணன் இல்ல அண்ணி. எங்கண்ணன் அடுத்தவங்கள தள்ளிட்டு உக்கார மாட்டாரு. பஸ்ஸுல நின்னுக்கினே வருவாரு."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். கோவிலில்கூட எனக்கு அவ்வளவு தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழே போகிற சரக்கு ஜீப் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் நல்ல நெட்டை ஆள். முதலில் இறங்கிச் சக்கரத்துக்கு ஒரு கல்லைத் தள்ளி வைத்தார். நடந்ததைச் சொன்னோம். நான் பாதியை முழுங்கினாலும் என் நாத்தனார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "யாருப்பா அது, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று சொல்லிவிட்டு ஏறினார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கூட வந்த ஆளை ஜீப்பை எடுத்து வரச் சொல்லிவிட்டு, பின்னால் எடுத்துத் திருப்பி, கோமுகி அணைப் பக்கம் சமவெளி வரும் வரைக்கும் எங்கள் வண்டியை அவரே ஓட்டி வந்தார். இறங்கும்போது சீட்டைத் தட்டிக் கொடுத்து ஒரு வார்த்தை சொன்னார்.

"சீட்டு சூப்பரா கீதும்மா. எனக்கே அளவெடுத்து வெச்சா மாறி இருக்குது."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். இத்தனை நாளும் என் கணவர் என்று நான் கதவைத் திறந்து பார்த்தது ஒரு நெட்டை ஆளின் கால் நீளம். கச்சிராயபாளையத்துச் சரக்கு ஜீப் ஓட்டுநருக்கும் அது பொருந்துகிறது.

தம்பி வந்து ஒரு லாரியில் வண்டியை ஏற்றி சர்வீஸுக்கு அனுப்பினான். நானும் அவனும் போய்க் கேட்டபோது, சீட்டை ஆட்டிவைக்கிற எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று கெட்டிருக்கிறது என்றார்கள். ஓடும்போது நகராமல் தடுக்க வேண்டியது அதுதானாம். முன்னாடியே தெரிந்திருந்தால் வாரண்டியில் போயிருக்குமே, ஒரு தடவைகூடவா தெரியவில்லை என்று அங்கே வேலை பார்த்த பையன் கேட்டான். தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். கெட்டுப்போன பெட்டி என்றால் சீட் கண்ட இடத்தில் நிற்க வேண்டாமா, ஏன் எப்போதும் அவர் அளவிலேயே போய் நின்றது என்று நான் கேட்டதற்கு, மெமரியில் அது ஒன்றுதானே இருந்தது என்றான். சரியான பதில்தான். ஆனாலும் அந்த மலைக்கு முன்னால் நான் தனியாக இருந்தபோது மட்டும் ஏன் நகர்ந்தது என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

புதுப் பெட்டி மாற்றினால் பழைய அளவெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று போனில் கேட்டார்கள். வாசலில் வண்டி நிற்கிற வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றேன். இப்போது நாத்தனாரே விற்றுவிடுங்கள் என்று ஆரம்பித்திருந்தாள். தம்பி சொல்லவே வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே பக்கமாகிவிட்ட பிறகு எனக்குத் தெளிவு வந்தது. நான் விற்கவில்லை. அதை அவராக வைத்துக்கொள்ள முடியாது, வண்டியாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. சின்ன முனகல் கேட்டாலும் அன்றே காட்டிவிடுகிறேன், செலவுதான். சரிப்பட்டு வராத அன்றைக்குக் கொடுத்துவிடுவேன்.

சர்வீஸிலிருந்து வந்த அன்று சாவியோடு கதவைத் திறந்தேன். சத்தம் இல்லை. சீட் நகரவில்லை. வெறும் நாற்காலி மாதிரி இருந்தது. மலையில் வந்த பயத்தைவிட அந்த அமைதி பெரிதாக இருந்தது. கதவைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அப்புறம் ஏறி, சீட்டை எனக்கு வேண்டிய அளவுக்கு இழுத்து, கண்ணாடியில் என் வீட்டு வாசல் தெரிகிற மாதிரி திருப்பி, தம்பி காட்டிய பட்டனை அழுத்தினேன்.

இன்றைக்கும் எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் காலை நீட்டி பிரேக்கைத் தொட்டுப் பார்க்கிறேன். எட்டுகிறதா என்று பார்க்க மட்டும் அல்ல, அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது நான்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும்தான்.