விபத்து அறிக்கையில் விட்டுப்போன வரி

சண்முகம் அண்ணாச்சி கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோது லேசரின் சாவி என் கையில்தான் இருந்தது.

1992ஆம் வருடக் கோடை. கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டில் எங்கள் நிறுவனம் ஒரு ஷெட் போட்டிருந்தது. முந்தைய வருடம் பிலிப்பைன்ஸில் வெடித்த எரிமலையின் கந்தகத் துகள்கள் இருபது கிலோமீட்டர் உயரத்தில், ஸ்ட்ராட்டோஸ்பியரில் படர்ந்திருந்தன. இருட்டியதும் லேசர் ஒளியை மேலே அனுப்புவோம். துகள்களில் பட்டுத் திரும்பும் கொஞ்ச வெளிச்சத்தை டெலஸ்கோப் பிடிக்கும். அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் துகள்கள் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று கணக்கிடுவோம். நான் இன்ஜினியர், இருபத்தாறு வயது. புதூர்க்காரரான அண்ணாச்சி டெக்னீஷியன்.

கரிசல் மண் காய்ந்து வெடித்ததில் ஷெட்டின் தரையே அசைந்துவிட்டது. லேசரும் டெலஸ்கோப்பும் ஒரே திசையில் நிற்கவில்லை. ஒரு வாரமாக சிக்னல் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து தினமும் போன்.

அன்று மத்தியானம் லேசரை அணைத்துவிட்டு, ஒளியை மேலே திருப்பும் மிரரைத் திருத்திக்கொண்டிருந்தோம். லேசரிலிருந்து கண்ணைக் காக்கும் காகிள்ஸ் வேர்வையில் மங்கியதால் அதை அண்ணாச்சி கழற்றி வைத்திருந்தார். “முடிஞ்சிட்டு தம்பி” என்றார். நான் சாவியைத் திருப்பிவிட்டேன். அவர் கடைசியாக ஒரு ஸ்க்ரூவை இறுக்க மறுபடி குனிந்திருந்தார். நான் சொல்லவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. மிரரில் பட்டுத் தெறித்த ஒளி அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது.

“கண்ணுக்குள்ள டப்புன்னு கேட்டுது தம்பி” என்றார்.

சாயங்காலம் தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் தலைவர் போனில் பேசினார். “காகிள்ஸ் போடலைன்னு ரிப்போர்ட் எழுதுங்க. அது உண்மைதானே? அதோட நிறுத்திக்கோங்க.”

எழுதினேன். அதில் அண்ணாச்சியின் கையெழுத்து வாங்க மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்குக் கண்ணில் கட்டுப் போட்டிருந்ததால் அவர் மனைவி ராஜம்மாள் வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இவிய கழட்டுனது சரி தம்பி. லேசரப் போட்டது யாருன்னு இதுல இல்லியே?”

“நான்தான்க்கா.”

அவர் தாளைத் திருப்பி நீட்டினார். “அப்போ அதையும் எழுதுங்க.”

கட்டிலின் விளிம்பில் வைத்து எழுதினேன்: ‘நான் எச்சரிக்காமல், பார்க்காமல் லேசரை இயக்கினேன்.’

விசாரணை நடந்தது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. அண்ணாச்சிக்கு வலது கண்ணில் பார்வை திரும்பவேயில்லை. மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தார். ஒற்றைக் கண்ணோடு கிராஃப் போட்டார். வருடா வருடம் அந்தத் துகள் படலம் மெலிந்து கீழே இறங்கியது அவர் வரைந்த கோடுகளில்தான் பதிவாகியிருக்கிறது.

ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். அண்ணாச்சி கிராஃப் போட்டுக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

“கோவம் போகல தம்பி. போகும்னும் தோணல. ஆனா நீ அந்த வரிய எழுதலேன்னா இந்த ஷெட்டுக்குள்ள திரும்பக் காலு வச்சிருக்க மாட்டேன்.”

லேசர் இயக்க வரும் இளைஞர்களிடம் நான் சொல்வது இதுதான். சாவியைத் திருப்பும் முன் உரக்கச் சொல்லுங்கள். அறையில் உள்ள ஒவ்வொருவரும் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். அதையும் மீறித் தவறு நடந்துவிட்டால், அறிக்கையில் உங்கள் பங்கை முதல் வரியில் எழுதுங்கள். யாரும் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.