எந்த விரல்

எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலில் எங்கள் தொகுதி வேட்பாளருக்கு இரத்தத் திலகம் வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பிளேட்டால் விரலைக் கீறி, மேடையில் நிற்பவரின் நெற்றியில் இரத்தத்தால் பொட்டு வைப்பது அந்தக் காலத்து வழக்கம். உடுப்பிட்டிக் கூட்டத்தில் எனக்குப் பிளேட்டை நீட்டியவர் எங்கள் வீட்டு ஒழுங்கையிலேயே குடியிருந்த கட்சித் தொண்டர் அண்ணை. சோதனை எழுத வலது கை வேண்டும் என்று இடது கைச் சுண்டுவிரலைக் கீறினேன். ஆழமாகப் போய்விட்டது. இன்றைக்கும் அந்த விரல் நேராக நிமிராது.

எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு, நான் பொட்டு வைத்த வேட்பாளர் ஐயா எங்களை விட்டுவிட்டு மெட்ராசில் போய் இருந்துகொண்டார். ஊரில் அவர் பெயர் நாறியது. மதில்களில் 'துரோகி' என்று தாரால் எழுதியவர் பிளேட் தந்த அதே அண்ணைதான். அப்போது அவர் ஓர் ஆயுத இயக்கத்தில் சேர்ந்திருந்தார். துரோகிக்குப் பொட்டு வைத்தவள் என்று சந்தையில் என் காதுபடவே கதைத்தார்கள். விரலை மறைக்கச் சொல்லி அம்மா மன்றாடினார். நான் மறைக்கவில்லை. வெட்டியது நான், நொந்தது எனக்கு. அவர் எங்கே போனால் எனக்கென்ன, நான் ஏன் தலைகுனிய வேண்டும்?

எண்பத்தொன்பதில், இந்திய ஆமி நின்ற காலத்துத் தேர்தலுக்கு ஐயா திரும்பி வந்தார். சின்னம் பழையதுதான். தன்னைத் துரோகி என்று எழுதிய அதே இயக்கத்தோடு கூட்டு. நேரே எங்கள் முற்றத்துக்கே வந்தார். பின்னால் துவக்கைத் தோளில் மாட்டிக் காவல் நின்றவர் வேறு யார், நம்முடைய அண்ணைதான். கூடவே படம் எடுக்க ஒருவர்.

"அண்டைக்கு வைச்ச பிள்ளை இண்டைக்கும் வைச்சால் சனம் நம்பும், தங்கச்சி," என்றார் ஐயா. "இந்த முறை இரத்தம் வேண்டாம். குங்குமம் காணும்."

வைத்தால் படம் பேப்பரில் வரும், அவர்களுக்கு எதிரான மற்ற இயக்கத்துப் பொடியள் வந்து கேள்வி கேட்பார்கள். வைக்காவிட்டால் முன்னால் துவக்கு. அம்மா உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். அவருக்கு மகள் உயிரோடு இருந்தால் போதும். எனக்கும் பயம்தான், ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான் எந்த விரலை வெட்டினனான் எண்டு சொல்லுங்கோ ஐயா. சரியாச் சொன்னியளெண்டால் வைக்கிறன்."

ஐயா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"வலது கைப் பெருவிரல்தானே," என்றவர், சந்தேகம் வந்து அண்ணையைத் திரும்பிப் பார்த்தார். பிளேட் நீட்டிய மனிதர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடது கையை முன்னால் எடுத்து, நிமிராத விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"போயிட்டு வாங்கோ ஐயா," என்றேன்.

வாசல் படலை வரை கூடப்போய், அவர்கள் வெளியேறியதும் நானே சாத்தினேன்.