வண்டி தள்ளாத அண்ணை

தொண்ணூற்றொன்றில், சண்டையால் தரைப்பாதை மூடிக் கிடந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து கொம்படிக் கடனீரேரியின் உப்புத்தண்ணீரைக் கடந்து வவுனியாவுக்குப் போன பயணத்தில் என்னோடு வந்தவர் அவர். பெயர் கேட்கவில்லை. தேய்த்த வெள்ளைக் காற்சட்டை, ஒட்ட வெட்டிய மீசை, பள்ளிக்கூட அதிபர்மாருக்கு வாய்க்கிற குரல்.

டீசல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய மினிபஸ் கொடிகாமம் போய்ச் சேருமுன் மூன்று தரம் நின்றது. நாங்கள் இறங்கித் தள்ளினோம். அவரும் இறங்கினார், ஆனால் ஓரமாக நின்று, "ஒண்டு, ரெண்டு, ம்... இப்ப தள்ளுங்கோ" என்று எண்ணிக்கொடுத்ததோடு சரி.

பிறகு கடனீரேரியைக் கடக்க ஏறிய ட்ரக்டரின் இழுவைப் பெட்டி நடுத்தண்ணீரில் சேற்றில் புதைந்தது. அக்கரையில் நின்ற லொறி மத்தியானம் புறப்பட்டுவிடும். பெட்டிக்குள் ஒரு பெண் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். லொறியை விட்டால் அன்றைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரி இல்லை. அவளுடைய கணவன் அழுதுகொண்டே எங்களோடு தள்ளினான். இவர் பெட்டிக்குள் நின்றபடி எண்ணினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, நீங்களும் ஒருக்கால் கை குடுக்கலாமே?"

"வண்டியைத் தள்ளிப் பழக்கினால் பிறகு அது தானா ஓடாது, தம்பி" என்றவர், அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தார். கணவன் பின்னால் போனான்.

ட்ரக்டர் ஒருவழியாகக் கரையேறியபோது லொறி போயிருந்தது. அவர் மட்டும் மரநிழலில் இருந்தார்.

"நீங்கள் ஏறேல்லையோ?"

"ரெண்டு இடம்தான் இருந்தது. மற்றதைப் புருஷன்காரனுக்குக் குடுத்திட்டன்."

அடுத்த லொறி மறுநாள்தான். வவுனியாவில் அவருக்கு என்ன அவசரம் இருந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.