கவிழ்ப்பு அக்காவின் பொட்டல்

தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே வேரை வெட்டி, உண்ணிச்செடிப் புதரைத் தலைகீழாகப் போட்டு, அதனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்கிறார். "இனி வானத்துல வேர் விடு, போ."

மூடிப்போன கல்குவாரியில் களையெடுக்கும் வேலை. கூட்டாளிகள் வைத்த பெயர் கவிழ்ப்பு அக்கா. பயப்பட வேண்டாம், இதுவரை எந்த ஆட்சியையும் கவிழ்த்ததில்லை. உண்ணிச்செடியும் ஆட்சிதான் என்பது அவர் கட்சி: "வந்தா போகாது. வேற யாரையும் தலையெடுக்க விடாது. பூ மட்டும் ரெண்டு கலர்ல சிரிக்கும்."

முழங்கை வரை முள் கீறல். கொடுத்த கையுறையில் மதியத்துக்கு வெங்காயம் வைத்திருக்கிறார்.

மற்றவர்கள் மேலோடு வெட்டுகிறார்கள். அது மறுமாதமே இரட்டிப்பாகத் துளிர்க்கும். மறுபடி வேலை கிடைக்கும். "ஏன்க்கா எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறே?" என்று கேட்டால், "மண்ணு வேணும்ல, எதாச்சும் முளைக்க?" என்கிறார்.

முளைத்தும் இருக்கிறது. அவர் களையை வேரோடு எடுத்த நிலப்பட்டையில், யாரும் நடாமல், பதினேழு கன்றுகள். பழைய காட்டின் வாரிசுகள், விரல் உயரம். தினமும் குனிந்து ஒவ்வொன்றையும் நலம் விசாரிக்கிறார். தனக்கு மாதம் ஒரு போன்கூட வருவதில்லை என்று மகளுக்கு வருத்தம்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார் என்றதும் வந்தது வினை. அவர் எடுக்கும் படத்தில் முக்கால்வாசி பச்சை தெரிந்தால் நிலம் குணமாகிவிட்டதாகச் சான்றிதழ். எந்தப் பச்சை என்று படிவத்தில் கேள்வி இல்லை.

"உன் இடம் மட்டும் சொட்டைத் தலையா தெரியுதும்மா," என்றார் மேஸ்திரி. "உண்ணிக் கிளையை வெட்டிக் கொண்டாந்து நட்டு வை."

"வேர் புடிச்சிரும் மேஸ்திரி."

"புடிச்சா நல்லதுதானே!"

"எம் புள்ளைங்க மூச்சுமுட்டிச் செத்துரும்."

"அப்போ நாளையிலேருந்து வராதே."

"வருவேன். நீங்க பேரு எழுதினா எழுதுங்க, எழுதாட்டிப் போங்க."

வெள்ளிக்கிழமையும் அக்கா வந்தார். கிளை ஒன்றுகூட நடவில்லை. அதிகாரியோ, எதிர்ச்சரிவின் பசுமை முழுதும் ஒரே படத்தில் அடங்கட்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்தபடி, அடி அடியாக அக்காவின் பட்டைக்குள் பின்வாங்கினார். ஓரம் போ என்று மேஸ்திரி கண்ணாலேயே விரட்டினார். அக்கா நேரே போய் அதிகாரியின் பின்னால் உட்கார்ந்தார். பூட்ஸ் இறங்கவிருந்த இடத்தில், நாலு இலை விட்ட கன்றின் மேல் உள்ளங்கையைக் குவித்து வைத்தார்.

"கால்ல என்னமோ தட்டுதே?" என்றார் அதிகாரி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் கை, சார்."

கையை எடுக்கவில்லை.