ஈசானிய மூலையில் ஒரு ஜீப்

வீட்டுக் கார் ஷெட்டில் பட்டறை போட்டுப் பழைய வண்டியைக் கழற்றி மாட்டுகிறவனுக்கு அவசரத்துக்கு ஒரு ஸ்பேனர் கிடைக்காது. ஆலோசனை மட்டும் கேட்காமலே கிடைக்கும். பட்டவர்களுக்குத் தெரியும். தீப மலைக்குப் பக்கத்தில் வேங்கிக்காலில் வீடு கட்டியதும், ஏலத்தில் எடுத்த ஓடாத ஜீப் ஒன்றை ஷெட்டில் நிறுத்தினேன். மனைவி மல்லிகா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கார்த்திகை தீபத்துக்குள் வண்டி ஓட வேண்டும். இல்லையென்றால், தீபம் பார்க்க வரும் அவள் பிறந்த வீட்டு ஜனங்களுக்கு ஷெட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். இந்த வீட்டில் நான் நிம்மதியாக இருக்கிற இடம் அது ஒன்றுதான். விடுவேனா?

காலி இடம்

சுவரில் பலகை அடித்து ஸ்பேனர்களை மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றி பெயிண்டில் கோடு வரைந்தேன். எது காணோம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். தெரிந்தது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார், தண்ணீர் மோட்டாரைக் கழற்ற பன்னிரண்டாம் நம்பரை வாங்கிப் போனவர், அதோடு மறந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவரையே கூட்டிவந்து காலி இடத்தைக் காட்டினேன். ரோஷம் வரும் என்று நினைத்தேன். மனுஷர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரசித்தார்.

"அளவு பிசகாம வரைஞ்சிருக்கீங்க சார்! இதையே போட்டோ புடிச்சிக் கடையில காட்டுங்க, அச்சு அசலா அதே மாதிரி குடுத்துடுவான்."

குழி

வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கக் குழி வெட்டினேன். ஷெட் இருக்கிற லட்சணத்தில் அது ஈசானிய மூலையில் அமைந்தது. ஒரே மழைக்குக் குழி நிரம்பி, ஜாக்கி மூழ்கிவிட்டது. பக்கெட்டில் இறைத்துக்கொண்டிருக்கும்போது ஆபீஸ் நண்பர் பாலு வந்தார். வாஸ்து பார்ப்பவர்; சொந்த வீட்டுச் சமையலறையையே இடித்து இடித்துக் கட்டிக்கொண்டிருக்கும் மேதை. ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"இறைச்சிடாதீங்க சார்! ஈசானியத்துல தண்ணி தானா வந்து நிக்குது, அவனவன் இதுக்குத் தவம் கெடக்குறான். வண்டிய வேணா வேற எடத்துல நிறுத்திக்கலாம்."

பூஜை

கழற்றிய நட்டு போல்ட்டுகளை, எந்த பாகத்தில் இருந்ததோ அந்தப் பெயர் எழுதி ஒட்டிய ஜாம் பாட்டில்களில் பிரித்து வைத்திருந்தேன். என் பட்டறையின் உயிரே அந்தப் பாட்டில்கள்தான். ஆயுத பூஜை அன்று, பூஜைக்கு எல்லாம் தயார் செய்வதாகச் சொன்ன மச்சான் சேகரை நம்பி, பூ வாங்கப் போனேன். புத்தி கெட்ட வேலை. திரும்பி வந்தால் அத்தனை போல்ட்டும் புளி போட்டுத் தேய்த்து, ஒரே தாம்பாளத்தில் குவிந்து, சந்தனமும் குங்குமமுமாகச் சிரிக்கின்றன. பாட்டில்கள் குப்பையில். பிரிக்கலாம் என்று கையை நீட்டினால், பூஜையில் வைத்ததை நாளைவரை தொடக்கூடாது என்று மல்லிகா தடுத்துவிட்டாள். சேகர் அசரவில்லை.

"பாட்டிலு ஒரே கிரீஸு மாமா, அதையெல்லாம் சாமி முன்னாடி வைக்க முடியுமா? அதுவும் இல்லாம எல்லாம் நட்டு போல்ட்டுதானே, எது எங்கன்னு உங்களுக்குத் தெரியாததா?"

தீபம்

ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து, ஒவ்வொரு ஓட்டையாகப் போட்டுப் பார்த்து, சேகரின் வம்சத்தையே திட்டித் தீர்த்து, எப்படியோ மாட்டி முடித்தேன். தீபத்தன்று காலை சாவியைத் திருப்பினேன். இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது! கண் கலங்கிவிட்டது, ஐயா. எல்லோரும் பார்க்கட்டும் என்று தெருவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். தெரு முனைவரை கிரிவலக் கூட்டத்தின் வண்டிகள், திருப்பக்கூட இடமில்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால், ஷெட்டில் பாய் விரித்தாகிவிட்டது. குழிக்கு மேலே பலகை போட்டு, அதன்மேல் சேகர் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். போட்ட நிபந்தனையில் ஜெயித்தவன் நான் என்று கத்தினேன். மல்லிகா தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"யாரு இல்லன்னாங்க? அதான் வண்டி ஓடுதுல்லங்க, அப்புறம் பட்டறை எதுக்கு?"

ஆகவே, வீட்டில் பட்டறை போடும் உத்தேசமுள்ள சகோதரர்களே, என்ன ஆனாலும் சரி, வண்டியை மட்டும் ஓட வைத்துத் தொலைக்காதீர்கள்.